குடாநாட்டின் மீனும் மாம்பழமும் வான்வழி செல்லுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பலாலி விமான நிலையத்தைப் பற்றிய பேச்சும் உடன் எழுவது வழமையாகிவிட்டது. பலாலியிலிருந்து பெரிய விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டால் எமது மீனும் நண்டும் மாம்பழமும் முருங்கைக்காயும் மறுநாளே இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் விற்பனைக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை பொதுமக்களிடம் பரவலாக உண்டு. இந்த நம்பிக்கையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் விரைவில் பழுதடையும் உணவுப் பொருள்களை விமானம் மூலம் அனுப்புவது எவ்வாறு நடைபெறுகிறது, அதில் எங்கே செலவு ஏற்படுகிறது, எங்கே பொருள் கெடுகிறது என்பவற்றை அறியாமல் வெறும் எதிர்பார்ப்பை மட்டும் வளர்த்துக்கொள்வதால் கடற்றொழிலாளருக்கோ விவசாயிக்கோ எவ்வித நன்மையும் விளையப்போவதில்லை. எனவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம் எனக் கருதுகிறோம்.

பலாலியின் கதை

பலாலி விமானத் தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படையினரால் அமைக்கப்பட்டதாகும். 1947 டிசம்பரில் எயார் சிலோன் நிறுவனம் தனது முதலாவது வர்த்தக சேவையைத் தொடங்கியபோது, அவ்விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வழியாகவே சென்னைக்குச் சென்றது. அதாவது இந்நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து வரலாற்றின் முதற் பக்கத்திலேயே குடாநாட்டின் பெயர் இடம்பெற்றிருக்கிறது. பின்னர் போர் அனைத்தையும் மாற்றியமைத்தது. சர்வதேச சேவை நின்றுபோனது. சூழவுள்ள கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த அனைவரும் உயிரிழந்த துயரமும் இந்த வரலாற்றின் ஒரு பகுதியே.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் பலாலி மீளத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைக்கான சேவையைத் தொடங்கியது. கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் தடைப்பட்ட இச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது. இச்சேவைகள் யாவும் ஏ.ரி.ஆர். 72 வகையைச் சேர்ந்த, எழுபது பேரளவில் ஏறக்கூடிய, சுழலி விசிறிகளைக் கொண்ட சிறிய விமானங்களைக் கொண்டே நடத்தப்பட்டன. பொருள் ஏற்றுமதியைப் பற்றிச் சிந்திக்கும்போது இந்த ஒரு விபரத்தை நாம் மறந்துவிடக் கூடாது. பயணிகளும் அவர்களது பொதிகளும் ஏறிய பின்னர் இத்தகைய விமானத்தில் எஞ்சுவது சில நூறு கிலோவுக்கான இடமே. கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் அகன்ற உடலுடைய விமானமொன்றின் அடித்தளத்திலோ பத்துத் தொன்னுக்கும் மேற்பட்ட சரக்கை ஏற்ற முடியும். அங்கே மீன் பெட்டிகளை முன்னரே அடுக்கி, மூடி, எடையிட்டு வைக்கும் அலுமினியக் கொள்கலன்களை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். ஏ.ரி.ஆரில் ஒவ்வொரு பெட்டியையும் கையால் தூக்கித்தான் வைக்க வேண்டும்.

எது வானில் செல்ல வேண்டும்?

உலக வர்த்தகத்தில் விமானம் மூலம் செல்லும் பொருள்கள் அளவில் நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவானவை. பெறுமதியிலோ ஏறத்தாழ முப்பத்தைந்து வீதம். விமானத்தில் ஏறும் பொருள் விலை கூடியதாகவோ அல்லது காத்திருக்க முடியாததாகவோ இருக்க வேண்டும் என்பதையே இது காட்டுகிறது. புதிய மீன், உயிருள்ள நண்டு, சிங்கி இறால், பழுக்கும் தறுவாயிலுள்ள மாம்பழம், பச்சை இலைக்கறிகள் ஆகியன இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

உறைய வைத்த உணவின் நிலை வேறு. பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை செல்சியஸில் உறைந்திருக்கும் இறாலோ கணவாயோ மாதக் கணக்கில் கெடாதிருக்கும். அதற்கு அவசரமில்லை. குளிர்சாதனக் கொள்கலனில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து கப்பலில் அனுப்புவதே மலிவானது. மாதிரிக்காக அனுப்பும் சிறு தொகை, விலை மிக உயர்ந்த பொருள், கடை முதலாளி அவசரமாகக் கேட்கும் சிறிய கட்டளை ஆகியவற்றுக்கே உறைந்த உணவு விமானத்தில் ஏறுகிறது. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்து, பயண நாள்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை கூடியபோதும் கூட, உறைந்த உணவுக்குக் கடல் வழியே பெருமளவில் கைகொடுத்தது. எனவே உறைந்த பொருளுக்குக் காங்கேசன்துறையும் கொழும்பும், புதிய பொருளுக்கு விமானம் என்று பிரித்து நோக்குவதே அறிவுடைமையாகும். கடலட்டையைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. அது பெரும்பாலும் அவித்து உலர்த்தப்பட்டே சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குச் செல்கிறது.

எமது கடல்நீரேரியின் சேற்று நண்டு, வான்வழி ஏற்றுமதிக்குச் சிறந்த உதாரணமாகும். கால்களும் கொடுக்குகளும் கட்டப்பட்டு, ஈரலிப்புடன் பெட்டியில் அடுக்கப்பட்ட நண்டு, நீரின்றியே ஓரிரு நாள்கள் உயிருடன் இருக்கும். அதிக குளிரும் கூடாது, அதிக வெப்பமும் கூடாது, காற்றோட்டம் வேண்டும். சிங்கப்பூரின் உணவகங்களில் 'இலங்கை நண்டு' என்பது ஒரு தனிப் பெயராகவே நிலைத்துவிட்டது. இறந்த நண்டுக்கு அங்கே விலை கிடையாது. எனவே குருநகரிலோ பூநகரியிலோ பிடிக்கப்பட்ட நண்டு எத்தனை மணி நேரத்தில் விமானத்தை அடைகிறது என்பதே அதன் முழுப் பெறுமதியையும் தீர்மானிக்கிறது.

குளிர்ச் சங்கிலியும் ஐஸும்

மீன் கெடுவது எப்படி என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். உருகும் ஐஸின் வெப்பநிலையாகிய பூச்சியம் பாகையில் வைக்கப்பட்ட மீனுடன் ஒப்பிடும்போது, ஐந்து பாகையில் வைக்கப்பட்ட மீன் இரு மடங்குக்கும் மேலான வேகத்திலும், பத்துப் பாகையில் வைக்கப்பட்ட மீன் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்திலும் கெடுகிறது. ஐஸில் பன்னிரண்டு நாள் தாங்கக்கூடிய மீன், பத்துப் பாகையில் மூன்று நாள்களே தாங்கும். கரையில் வெயிலில் கிடக்கும் ஒரு மணி நேரத்தை நவீன விமானம் எதனாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. பின்னர் எவ்வளவு குளிரூட்டினாலும் இழந்த புதுமை மீளாது.

சூரை, கெளவல்லை போன்ற மீன்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இவை வெப்பத்தில் கிடந்தால் 'ஹிஸ்டமின்' என்ற நச்சுப் பொருள் தசையில் உருவாகும். சமைப்பதாலோ உறைய வைப்பதாலோ அது அழியாது. ஐரோப்பிய நாடுகளின் எல்லையில் நடைபெறும் பரிசோதனையில் இது வரம்புக்கு மேல் காணப்பட்டால் முழுத் தொகுதியும் நிராகரிக்கப்படும். அத்துடன் அந்த ஏற்றுமதியாளரின் அடுத்தடுத்த தொகுதிகளும் கடும் சோதனைக்கு உள்ளாகும்.

எமது வெப்ப வலயத்தில் மீனுக்கும் ஐஸுக்கும் சம எடை வேண்டும் என்பது பொதுவான விதி. படகு கடலுக்குச் செல்லும்போதே ஐஸ் ஏற்றப்பட வேண்டும். ஐஸுக்கு மின்சாரம் வேண்டும். குடாநாடு 1990இலிருந்து தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்து, 2013இல் கிளிநொச்சி - சுன்னாகம் மின்கடத்தி வழி அமைக்கப்பட்ட பின்னரே மீண்டும் முறையாக இணைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலாக்கப்பட்டதையும், மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்ததையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். குளிர்ச் சங்கிலி என்பது பெயருக்கேற்ப ஒரு சங்கிலியே. அதன் ஒரு கண்ணி அறுந்தால் மற்றெல்லாக் கண்ணிகளும் பயனற்றவை.

பழங்களுக்கும் மரக்கறிகளுக்கும் வேறு விதி உண்டு. குளிர் கூடினால் நல்லது என்பது இங்கே பொருந்தாது. மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே கொண்டுசென்றால் அவை குளிர்க் காயத்துக்கு உள்ளாகும். தோல் கறுக்கும்; பழம் சீராகப் பழுக்காது; சுவை கெடும். இலைக்கறிகளுக்கோ பூச்சியத்துக்கு அண்மித்த குளிர் வேண்டும். மீன், மாம்பழம், கீரை மூன்றையும் ஒரே லொறியில் ஒரே வெப்பநிலையில் ஏற்றி அனுப்பினால் மூன்றில் ஒன்றாவது கெட்டே தீரும்.

கட்டணம் கணக்கிடப்படும் முறை

விமானக் கட்டணம் எடைக்கு மட்டும் அறவிடப்படுவதில்லை, இடத்துக்கும் அறவிடப்படுகிறது. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கிடைப்பது 'கன எடை' எனப்படும். உண்மை எடை, கன எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். அறுபது சென்ரிமீற்றர் நீளமும் நாற்பது அகலமும் நாற்பது உயரமும் கொண்ட றெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கன எடை 16 கிலோ. அதில் மீனும் ஐஸுமாக 20 கிலோ இருந்தால் 20 கிலோவுக்குக் கட்டணம். அதே பெட்டியில் கறிவேப்பிலையை நிரப்பி 6 கிலோ மட்டுமே கொள்ளுமாயின், 16 கிலோவுக்கே பணம் செலுத்த வேண்டும். இலைக்கறியும் முருங்கைக்காயும் வெளிநாட்டுக் கடைகளில் ஏன் அவ்வளவு விலைக்கு விற்கப்படுகின்றன என்பதற்கான விடை இதில் ஓரளவு அடங்கியுள்ளது.

மீன் பெட்டியில் உள்ள ஐஸும் கட்டணம் செலுத்தியே பறக்கிறது. ஆகவே அனுபவமுள்ள ஏற்றுமதியாளர்கள் மீனை முன்கூட்டியே பூச்சியம் பாகைக்குக் குளிரூட்டி, பின்னர் குறைந்த எடையுள்ள குளிர்ப் பொதிகளுடன் நீர் கசியாத பெட்டியில் அடைப்பார்கள். உப்பு நீர் கசிந்தால் விமானத்தின் உலோகப் பாகங்கள் அரிக்கப்படும் என்பதால் கசியும் பெட்டியை விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. உறைந்த பொருளுக்குப் பயன்படுத்தும் 'உலர் ஐஸ்' எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டு, பூச்சியத்துக்குக் கீழே 78 பாகையில் நேரடியாக வாயுவாக மாறுவது. மூடிய அறையில் அவ்வாயு மூச்சுத்திணறலை உண்டாக்கும் என்பதால் அது அபாயப் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஒரு விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. உயிருள்ள நண்டையும் உலர் ஐஸையும் அருகருகே வைப்பது கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காகிதங்களின் பயணம்

பொருளை விடவும் முன்னதாகச் செல்ல வேண்டியவை சான்றிதழ்கள். மீனுக்குக் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழும், ஐரோப்பிய ஒன்றியத்துக்காயின் எந்தப் படகில் எங்கே பிடிக்கப்பட்டது என்பதைக் காட்டும் பிடிப்புச் சான்றிதழும் வேண்டும். பிடிப்புச் சான்றிதழ் முறை 2010 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் உள்ளது. இதனை அலட்சியம் செய்ததன் விலையை நாடு ஏற்கெனவே செலுத்தியிருக்கிறது. ஆழ்கடலில் சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் அறிவித்து 2015 ஜனவரியில் நடைமுறைப்படுத்திய தடை, 2016 ஜூனில்தான் நீக்கப்பட்டது. ஆழ்கடலில் சிலர் இழைத்த தவறுக்காகக் கரையோரச் சிறு தொழிலாளரின் மீனும் அச்சந்தையை இழந்தது.

பழம், மரக்கறிகளுக்குத் தாவரத் தொற்றுநீக்கச் சான்றிதழ் வேண்டும். 2019 டிசம்பர் 14ஆம் திகதியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செல்லும் ஏறத்தாழ எல்லாப் பழங்களுக்கும் மரக்கறிகளுக்கும் இது கட்டாயமானது. அன்னாசி, தேங்காய், டூரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. பயணி தனது பொதியில் கொண்டுசெல்லும் பழத்துக்கும் இந்த விதி பொருந்தும். ஊருக்கு வந்து திரும்பும் உறவினர் ஒருவர் ஆசையோடு பெட்டியில் வைத்துச் செல்லும் கறுத்தக்கொழும்பான் பாரிஸ் விமான நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குச் செல்லக்கூடும் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. இறைச்சியும் பாற்பொருள்களும் அறவே தடை. மீனாயின் சுத்தம் செய்யப்பட்டதை 20 கிலோ வரை தனிப்பட்ட பாவனைக்கென எடுத்துச் செல்ல அனுமதி உண்டு.

மாம்பழத்தின் பெரும் எதிரி பழ ஈ ஆகும். இந்திய மாம்பழங்களில் பழ ஈ காணப்பட்டதால் 2014 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்கும் கத்தரி, பாகல், புடோல் உள்ளிட்ட சில மரக்கறிகளுக்கும் தடை விதித்தது. உலகப் புகழ் பெற்ற அல்போன்சோ மாம்பழமே அத்தடையிலிருந்து தப்பவில்லை. பழங்களை 48 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தி எடுப்பது போன்ற சிகிச்சை முறைகளையும், பொதியிடும் நிலையங்களில் கட்டாயப் பரிசோதனையையும் இந்தியா ஏற்படுத்திய பின்னரே மாம்பழத் தடை 2015 ஜனவரியில் விலக்கப்பட்டது. இங்கேயும் பாடம் உண்டு. இலங்கையிலிருந்து செல்லும் வல்லாரை, பொன்னாங்காணி ஆகிய கீரைகள் பீடைகொல்லி எச்சத்துக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் கூடுதல் சோதனைப் பட்டியலில் அண்மைய ஆண்டுகளில் இடம்பெற்றன. தோட்டத்தில் மருந்தடித்த நாளுக்கும் அறுவடை செய்யும் நாளுக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளியை விவசாயி கடைப்பிடித்தாரா என்பது, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓர் ஆய்வுகூடத்தில் தெரிந்துவிடுகிறது.

நானூறு கிலோமீற்றர் இடைவெளி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். ஏ-9 வீதி 1990 முதல் 2002 வரையிலும், பின்னர் 2006 ஓகஸ்டிலிருந்து போர் முடியும் வரையிலும் மூடப்பட்டிருந்த காலத்தில், குடாநாட்டின் மீனுக்கும் விளைபொருளுக்கும் வெளிச் சந்தை என்று ஒன்றே இருக்கவில்லை. இன்று வீதி திறந்திருக்கிறது. 2014 ஒக்டோபரிலிருந்து யாழ்தேவி புகையிரதமும் யாழ்ப்பாணம் வரை ஓடுகிறது. எனினும் லொறி ஒன்று மாலையில் புறப்பட்டு விடியும்போது கட்டுநாயக்காவை அடைந்து, அங்கே பரிசோதனை, பொதியிடல், சுங்கம் ஆகியவற்றை முடித்து விமானத்தில் ஏறும்போது ஒரு நாள் கழிந்துவிடுகிறது.

இதன் விளைவு பணத்திலும் தெரிகிறது. தரம் பிரித்தல், சுத்திகரித்தல், பொதியிடல், சான்றிதழ் பெறுதல் ஆகிய பெறுமதி கூட்டும் வேலைகளில் பெரும்பகுதி குடாநாட்டுக்கு வெளியே நடைபெறுமாயின், அவ்வேலைகளுக்கான ஊதியமும் இலாபமும் வெளியிலேயே தங்கிவிடும். இங்கே எஞ்சுவது கரை விலை மட்டுமே. வழியில் கெட்டுப்போன பொருளின் நட்டமும் இறுதியில் கரை விலையைக் குறைத்தே ஈடுசெய்யப்படுகிறது. நீல நண்டின் சதையை எடுத்துப் பதனிடும் தொழிற்சாலைகள் வடக்கில் இயங்கியதனால் பல பெண்களுக்குத் தொழில் கிடைத்தது என்பது, வேலையை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றாகும்.

ஓடுபாதையும் காணியும்

பெரிய விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். நீண்ட ஓடுபாதைக்குக் காணி வேண்டும். அக்காணி யாருடையது என்ற கேள்வியை எழுப்பாமல் பலாலியின் விரிவாக்கம் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் வீடுகளும் தோட்டங்களும் கோயில்களும் அப்பிரதேசத்தில்தான் இருந்தன. ஒரு காலத்தில் நாட்டின் முன்னணி மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றாக விளங்கிய மயிலிட்டி 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. துறைமுகம் புனரமைக்கப்பட்டு 2019 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. மயிலிட்டித் துறைமுகமும் பலாலி விமான நிலையமும் சில கிலோமீற்றர் தூரத்திலேயே அமைந்துள்ளன. கரையில் இறங்கும் மீன் அரை மணி நேரத்தில் விமான நிலையத்தை அடையக்கூடிய அமைவிடம் இந்நாட்டில் வேறெங்கும் எளிதில் வாய்க்காது. ஆனால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதற்காக, தமது செம்மண் தோட்டங்களுக்குத் திரும்பக் காத்திருக்கும் மக்களிடம் மீண்டும் ஒரு தியாகத்தைக் கோருவதாயின், அது அவர்களது சம்மதத்துடனும் முழுமையான நட்டஈட்டுடனும் மட்டுமே நிகழ வேண்டும்.

சென்னை வழியாக அனுப்பலாமே என்று சிலர் கூறுவதுண்டு. சென்னைக்கும் பலாலிக்கும் இடையிலான பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. ஆனால் ஒரு நாட்டின் பொருள் இன்னொரு நாட்டின் விமான நிலையத்தினூடாக மூன்றாம் நாட்டுக்குச் செல்வது அந்நாட்டின் விருப்பத்தில் தங்கியிருக்கிறது. பங்களாதேஷின் ஏற்றுமதிப் பொருள்கள் தனது விமான நிலையங்கள், துறைமுகங்கள் வழியாகச் செல்வதற்கு 2020இல் அனுமதித்த இந்தியா, 2025 ஏப்ரலில் அதனை இரத்துச் செய்தது. அண்டை நாடுகளின் உறவு கசந்தால் முதலில் வாடுவது வழியில் நிற்கும் பொருளே. பாக்கு நீரிணையில் இழுவைப் படகுப் பிரச்சினை தீராதிருக்கும் நிலையில், இதனை நாம் கவனத்திற் கொள்வது நல்லது.

பின்பற்றத்தக்க முன்மாதிரியும் அருகிலேயே உண்டு. திருச்சிராப்பள்ளி பெரிய நகரங்களின் விமான நிலையங்களுடன் ஒப்பிடத்தக்கதன்று. எனினும் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் பயணிகள் விமானங்களின் அடித்தளத்தில் சுற்றுப்புற மாவட்டங்களின் மரக்கறிகளும் பூக்களும் பழங்களும் அங்கிருந்து ஏற்றுமதியாகின்றன. தனிச் சரக்கு விமானம் வந்துதான் ஏற்றுமதி தொடங்க வேண்டும் என்பதில்லை. பயணிகள் போகும் இடத்துக்கே பொருளும் போகிறது. ஆனால் இதிலும் ஒரு பலவீனம் உண்டு. உலகின் விமானச் சரக்கில் ஏறத்தாழ அரைப்பங்கு பயணிகள் விமானங்களிலேயே சென்றுவந்தது என்பதனால், 2020 மார்ச்சில் பயணிகள் சேவை நின்றபோது சரக்குக்கான இடமும் மறைந்து, கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது.

இப்போதே செய்யக்கூடியவை

பெரிய விமானம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. விமானம் வராமலே செய்யக்கூடிய வேலைகள் பல உள்ளன.

முதலாவது, கரையோரத்தில் ஐஸ். குருநகர், பாசையூர், நாவாந்துறை, மயிலிட்டி, பருத்தித்துறை போன்ற இறங்குதுறைகளில் போதிய ஐஸும் நிழலும் நல்ல நீரும் கிடைக்க வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசங்களும் நீண்ட பாரம்பரியம் கொண்டவை. குளிர் அறைகளின் உரிமையும் நிர்வாகமும் அவற்றின் கையில் இருந்தால், விலை வீழ்ந்த நாளில் மீனை வைத்திருந்து விற்கும் வலிமை தொழிலாளருக்குக் கிடைக்கும்.

இரண்டாவது, பொதியிடும் நிலையம். தென்மராட்சியின் மாம்பழத்துக்கும் வலிகாமத்தின் மரக்கறிக்கும் தரம் பிரித்து, கழுவி, வெந்நீர்ச் சிகிச்சை செய்து, உரிய வெப்பநிலையில் வைக்கும் நிலையம் ஒன்று குடாநாட்டுக்குள் வேண்டும்.

மூன்றாவது, சான்றிதழ். தாவரத் தொற்றுநீக்கச் சேவையின் தலைமையகம் கட்டுநாயக்காவில் உள்ளது. பரிசோதனையும் முத்திரையிடலும் யாழ்ப்பாணத்திலேயே முடிந்து, கட்டுநாயக்காவில் பெட்டியைத் திறக்காமல் நேரே விமானத்துக்கு அனுப்ப முடியுமாயின் பல மணி நேரம் மிச்சமாகும். இங்கே நிராகரிக்கப்படும் பொருளை உள்ளூர்ச் சந்தையிலாவது விற்கலாம். கட்டுநாயக்காவில் நிராகரிக்கப்படும் பொருளைத் திருப்பிக் கொண்டுவருவதற்கே செலவு கட்டுப்படியாகாது.

நான்காவது, குளிரூட்டப்பட்ட லொறிகள். பல சங்கங்கள் கூடி ஒழுங்கான நேர அட்டவணையில் ஒரு லொறியை அனுப்புவது, ஆளுக்கொரு திறந்த வாகனத்தில் அனுப்புவதை விட மலிவானது. ஒழுங்காகக் கிடைக்கும் சரக்கையே விமான நிறுவனங்களும் விரும்புகின்றன. வாரம் மூன்று நாள் நிச்சயமாக இரண்டு தொன் வரும் என்ற உறுதி இருந்தால்தான் அவை இடத்தை ஒதுக்கி, கட்டணத்தையும் குறைக்கும்.

இரு எச்சரிக்கைகள்

ஏற்றுமதி எல்லாப் பிணிக்கும் மருந்தன்று. நல்ல இறாலும் நண்டும் வானேறிச் செல்லும்போது உள்ளூர்ச் சந்தையில் அவற்றின் விலை உயரும். கடல்நீரேரியின் ஓரத்தில் வாழ்பவனே அந்நீரேரியின் நண்டை உண்ண முடியாத நிலை வருமாயின் அது வளர்ச்சியாகாது. வளமும் வரம்பற்றதன்று. முட்டை தாங்கிய நண்டையும் இளம் நண்டையும் திரும்பக் கடலில் விடும் கட்டுப்பாடு இல்லாமல் விலை மட்டும் உயர்ந்தால், சில ஆண்டுகளில் அனுப்புவதற்கே பொருள் இராது. அடிமடி இழுவை முறை இந்நாட்டில் 2017இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளும் நின்றாலன்றி அச்சட்டத்தின் முழுப் பயனும் கிடைக்கப்போவதில்லை.

விமானப் போக்குவரத்து கப்பலை விடப் பன்மடங்கு கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இறக்குமதி நாடுகளில் இதனைச் சுட்டிக்காட்டும் குரல்கள் வலுப்பெற்று வருகின்றன. பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு போன்ற உலர் பொருள்கள் அவசரமின்றிக் கடல்வழி செல்லக்கூடியவை, குளிரும் வேண்டாதவை. புலம்பெயர்ந்த எமது மக்களின் விருப்பம் இவற்றிலும் குறைந்ததன்று. வானை நம்புவதோடு இவற்றையும் வளர்ப்பது விவேகம்.

பலாலியின் ஓடுபாதை நீளலாம். பெரிய விமானங்களும் ஒரு நாள் வரலாம். அந்த நாளில் ஏற்றுவதற்குத் தரமான பொருள் எம்மிடம் இல்லையாயின், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகவே அது முடியும். விமான நிலையத்தை அமைப்பது அரசின் பொறுப்பு. படகில் ஐஸ் ஏற்றுவதும், மருந்தடித்த நாளைக் குறித்து வைப்பதும், சங்கமாகக் கூடி ஒரு குளிர் அறையை நடத்துவதும் எமது பொறுப்பு. மாகாண நிர்வாகமும் திணைக்களங்களும் சங்கங்களும் இவ்வேலைகளை அடுத்த மாம்பழப் பருவத்துக்கு முன்னரே தொடங்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.